கீழூரில் ஓட்டுப் போட்டவர்களின் வாரிசுகள் எங்கே?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் புதுச்சேரிக் கிராமங்களுக்கு இரண்டு வந்து சேரும். ஒன்று மழை. மற்றொன்று சட்டமன்ற உறுப்பினரின் நோட்டீஸ். எந்தக் கட்சியாக இருந்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். இத்தனை தெருவில் சிமெண்ட் சாலை, இத்தனை இடத்தில் 'யு' வடிவ வாய்க்கால், தூர்வாரிய ஏரி, புதிய தெருவிளக்கு. பக்கத்தில் பூமி பூஜை படம். கடப்பாறை அவர் கையில், மண்வெட்டி வட்டாரத் தலைவர் கையில்.

இந்த ஆண்டு என் வீட்டுக்கு வந்த நோட்டீஸை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அதில் சொல்லியிருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள், நானே நடந்து போய்ப் பார்த்தேன். என் கேள்வி வேறு. வாய்க்காலும் தெருவிளக்கும் சட்டமன்ற உறுப்பினரின் வேலையா?

நான் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டிய குமாஸ்தா. எந்த வேலை எந்த மேசைக்கு உரியது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. சட்டமன்றத்தின் வேலை சட்டம் இயற்றுவதும், பட்ஜெட்டைக் கேள்வி கேட்பதும், அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதும். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, ஊர்க் குளம், சுடுகாட்டுப் பாதை ஆகியவை பஞ்சாயத்தின் மேசைக்கு உரியவை. அந்த மேசை நம் ஊரில் இருக்கிறது. அதன் பின்னால் போட்ட நாற்காலியில்தான் ஆள் இல்லை.

நம் பிரதேசத்தில் 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள் உள்ளன. 1968-க்குப் பிறகு இவற்றுக்குத் தேர்தலே இல்லாமல் 38 ஆண்டுகள் ஓடின. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2006-இல் ஒரு தேர்தல் நடந்தது. 2011-இல் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. பிறகு அதிகாரிகளின் கையில் போனது போனதுதான். 2021-இல் தேர்தல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றது. நம் பேரப்பிள்ளைகளில் பலர் வாக்காளர் அட்டை வாங்கிவிட்டார்கள். கிராமப் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது.

அரசியல் சாசனம் இதில் மழுப்பவில்லை. 73-ஆவது, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சியின் காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. யூனியன் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் நம்மை ஆண்ட அந்நியன். அவன் ஆட்சியில் தேர்தல்கள் எவ்வளவு கூத்தாக நடந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் 1880-ஆம் ஆண்டு ஆணையிலேயே இங்கே கொம்யூன் வந்துவிட்டது. ஊருக்கு ஒரு மேர், அவருக்கு ஒரு சபை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு மேர் என்றால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய மனிதர் என்றுதான் பாடம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு இணையலாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. அந்த உள்ளாட்சி உறுப்பினர்களின் கையால்தான் நாம் இந்தியர் ஆனோம். ஒவ்வோர் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மாலை போடுகிறார்கள். அவர்கள் வகித்த பதவிக்கு மட்டும் வாரிசு இல்லை.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே அழகோடு திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். சந்தோஷம். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு, அதற்குள் உட்கார வேண்டிய சபையைக் கூட்ட மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை? காரணம் எளிது. நம் தொகுதிகள் சின்னவை. ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய வாக்காளர்கள். அந்த அளவில் ஒரு கொம்யூன் தலைவர் நன்றாக வேலை செய்தால், அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அவரே போட்டியாளர். வாய்க்கால் அவர் பெயருக்குப் போய்விட்டால் நோட்டீஸில் எதை அச்சடிப்பது? இந்த ஒரு விஷயத்தில் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"உறுப்பினர்தான் செய்கிறாரே, இன்னொரு கூட்டம் வந்து கமிஷன் அடிக்க வேண்டுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் இன்று எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்பது எப்படி முடிவாகிறது? யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற கணக்கில் முடிவானால், ஊரார் எங்கே போய்க் கேட்பது? பஞ்சாயத்தில் தீர்மானம் உண்டு, பதிவேடு உண்டு, எதிர்த்துப் பேச ஓர் உறுப்பினர் உண்டு. பதவியைத் தொலைத்துத் திருடனைத் தடுக்க முடியாது. கணக்கைக் கேட்டுத்தான் தடுக்க முடியும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. பின்னாலேயே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களை மூழ்கடித்தது. எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்தத் தெருவில் எழுந்து நடக்க முடியாத கிழவி தனியாக இருக்கிறாள் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். ஊருக்கு மாற்றலாகி வந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் நல்லவராகவே இருந்தாலும் ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓய்வூதியர் சங்கத்தில் அகவிலைப்படிக்கு மனுப் போடும் நாம், இதற்கும் ஒரு மனுப் போடலாம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஓர் அஞ்சலட்டை போதும். வாய்க்காலுக்கு நன்றி சொல்லுங்கள். கீழே ஒரே வரி எழுதுங்கள்: "உள்ளாட்சித் தேர்தலை நடத்தச் சொல்லி சட்டமன்றத்தில் நீங்கள் எந்தத் தேதியில் பேசினீர்கள்?" பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள், அதை இங்கேயே அப்படியே போடுகிறேன்.