ரேங்க் பட்டியலை மூடிவையுங்கள், வரைபடத்தை விரியுங்கள்

சென்னையிலும் கோவையிலும் ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையங்களின் போர்டுகளுக்குப் பக்கத்தில் இப்போது ‘ஜெர்மன் ஏ1 முதல் பி2 வரை’ என்ற போர்டும் தொங்குகிறது. காரணம் தெரிந்ததுதான். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்திக்கொண்டு இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 49 ஆயிரம். மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் பெட்டி கட்டும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

பெட்டி கட்டுவதற்கு முன் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: “அந்த யூனிவர்சிட்டி ரேங்க் எத்தனை?” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, கலந்தாய்வில் கல்லூரி கோடு எண்களை வரிசைப்படுத்திப் பழகிய மாநிலம் இது. மேலே இருப்பது நல்லது, கீழே இருப்பது மோசம் என்ற கணக்கு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஜெர்மனிக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஊரை. அந்த ஊரில் எந்தத் தொழில் வேரூன்றியிருக்கிறது, வாடகை எவ்வளவு என்பதை. பல்கலைக்கழகத்தின் பெயரை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

உலகத் தரவரிசைப் பட்டியல்களில் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களைவிடக் கீழே இருப்பதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. அந்த நாட்டின் உயர்தர ஆராய்ச்சியில் பெரும்பங்கு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, மாக்ஸ் பிளாங்க், ஃபிரவுன்ஹோஃபர் போன்ற தனி அமைப்புகளின் கீழ் நடக்கிறது. அங்கே வெளியாகும் கட்டுரைகள் எல்லாம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் மாணவருக்கு இந்தப் பிரிவினை பெரிதாகத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டுவிட்டு, அதே ஊரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் ஆய்வேடு எழுதுவது அங்கே அன்றாடம் நடப்பது. பட்டியலில் 300-க்கும் கீழே கிடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே துறையின் முன்னணி ஆய்வகம் இருக்கலாம்.

யேனாவை எடுத்துக்கொள்வோம். துரிங்கியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில், ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் ஊர். நம்மூரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் லென்ஸ் என்று சொன்னால் அந்தத் தொழிலின் வரலாறே இந்த ஊர்தான். 1846-இல் கார்ல் ஸைஸ் இங்கே ஒரு சின்னப் பட்டறை திறந்து, பல்கலைக்கழக ஆட்களுக்கு நுண்ணோக்கி செய்து கொடுக்க ஆரம்பித்தார். கைப்பழக்கத்தாலும் கண்ணளவாலும் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று சரியாக வரும், அடுத்தது வராது. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளரை 1866-இல் ஸைஸ் துணைக்கு அழைத்தார். அபே கணக்குப் போட்டார், பட்டறை அதன்படி செய்தது. கணக்கு கேட்ட தரத்தில் கண்ணாடி கிடைக்காதபோது ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளர் வந்து சேர, 1884-இல் கண்ணாடி ஆலையும் அங்கேயே எழுந்தது. பின்னாளில் அபே தன் பங்குகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். ஆலையின் லாபத்தில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குப் போனது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை ஸைஸ் நிறுவனத்தின் முக்கிய ஆட்களை மேற்கே கொண்டுபோனது; யேனா கிழக்கு ஜெர்மனியில் சிக்கிக்கொண்டது. இருந்தும் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை. இன்றும் ஸைஸ், ஷாட், யேனாப்டிக் மூன்றும் அங்கே இயங்குகின்றன. ஒளியியலுக்கான ஃபிரவுன்ஹோஃபர் நிலையமும் அங்கேதான். அபேயின் பெயரிலேயே இயங்கும் ஃபோட்டானிக்ஸ் கல்விப் பிரிவில் முழுக்க ஆங்கிலத்தில் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. நடக்கிறது. லேசர் படிக்க விரும்பும் திருச்சி மாணவருக்கு, பட்டியலில் இதைவிட மேலே இருக்கும் எத்தனையோ பல்கலைக்கழகங்களைவிட இந்த ஊர் அதிகம் தரும்.

இப்படி ஊருக்கு ஒரு தொழில் உண்டு. கடலியல் என்றால் கீல், துருவ ஆய்வு என்றால் பிரேமர்ஹாஃபன். சிப் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் நாட்டம் என்றால் டிரெஸ்டன்: இன்ஃபினியனும் குளோபல்ஃபவுண்ட்ரீஸும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன, தைவானின் டி.எஸ்.எம்.சி. பங்கேற்கும் ஆலைக்கும் 2024 ஆகஸ்டில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஓல்டன்பர்க்கில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான முதுநிலைப் படிப்பு 1987-இலேயே தொடங்கிவிட்டது; அப்போது நம் ஊரில் காற்றாலையைப் பார்த்தவர்களே குறைவு. சுரங்கமும் உலோகமும் என்றால் ஃப்ரைபெர்க்: 1765-இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரி, சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் ஊர், 1886-இல் ஜெர்மானியம் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்ட இடம். இதை ஃப்ரைபுர்க்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தென்மேற்கு மூலையில் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய சூரிய ஆற்றல் ஆய்வு நிலையம் அங்கே புகழ்பெற்றது. விண்ணப்பத்தில் இரண்டும் இடம் மாறினால் படிப்பு மட்டுமல்ல, மாநிலமும் கட்டணமும் மாறிப்போகும்.

அடுத்து, கட்டணம். “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்பது பாதி உண்மை. 2014-இல் லோயர் சாக்சனியும் கைவிட்ட பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவான கல்விக் கட்டணம் எந்த மாநிலத்திலும் இல்லாமல் போனது. ஆனால் 2017-இல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ விதித்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் அதே பிரிவினரிடம் முதுநிலைப் படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. நான்கு பருவத்துக்குக் கூட்டினால் 16 முதல் 24 ஆயிரம் யூரோ.

கட்டணம் கண்ணில் படுகிறது. வாடகை படுவதில்லை. மியூனிக்கில் பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு மாதம் சுமார் 800 யூரோ. சாக்சனியில் உள்ள கெம்னிட்ஸில் அதே மாதிரி அறை 300 யூரோ அளவில் கிடைக்கும். மாதம் 500 யூரோ வித்தியாசம். இரண்டு ஆண்டுக்கு 12 ஆயிரம் யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சம். பாடன்-வூர்ட்டம்பர்க் நான்கு பருவத்துக்கும் சேர்த்து வாங்குவதே 6,000 யூரோதான்! ஆக, கட்டணமே இல்லாமல் மியூனிக்கில் படிப்பவரைவிட, கட்டணம் கட்டி அந்த மாநிலத்தின் கார்ல்ஸ்ரூவேயில் படிப்பவருக்குச் செலவு குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘டியூஷன் ஃபீஸ் இல்லை’ என்ற ஒரு வரியைப் பார்த்து ஊரை முடிவு செய்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வாழ்க்கைச் செலவுக்கென விசாவுக்கு முன்பே கட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்ட் பணத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதாமாதம் 992 யூரோ கைக்கு வரும். மியூனிக்கில் வாடகை 800, மருத்துவக் காப்பீடு சுமார் 140. மீதி ஐம்பது யூரோவில் ஒரு மாதம் சாப்பிட வேண்டும். கெம்னிட்ஸில் அதே 992-இல் 550 யூரோ மிஞ்சும். அரசு மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் மியூனிக்கிலும் வாடகை பாதியாகும் என்பது உண்மை. ஆனால் அங்கே காத்திருப்போர் பட்டியல் பருவக் கணக்கில் நீளும். அக்டோபரில் போய் இறங்குகிறவர் அதுவரை எங்கே தங்குவார்?

பெரிய ஊருக்கு ஆதரவாகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ், ஸ்டுட்கார்ட்டில் பாஷ், மெர்சிடிஸ், போர்ஷே. படித்துக்கொண்டே துறை சார்ந்த பகுதிநேர வேலை பார்க்க அங்கே வாய்ப்பு அதிகம். 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். சின்ன ஊரில் ஜெர்மன் தெரியாதவருக்குக் கடையில் பொருள் அடுக்கும் வேலைகூட எளிதில் கிடைக்காது. ஆகவே சின்ன ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பி1 நிலை ஜெர்மனை இங்கேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். ‘இங்கிலீஷ் மீடியம்தானே’ என்று அலட்சியமாகப் போகிறவர் வகுப்பறைக்குள் தப்பிக்கலாம். வேலை நேர்முகத்தில் மாட்டிக்கொள்வார்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி, “அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?” சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வி இல்லை இது. மேற்கே நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் வேர்விட்டிருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸோடு நீண்ட காலத் தொடர்பு உள்ள ஆகன் பல்கலைக்கழகமும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. கிழக்கில் நிலைமை வேறு. வாடகை குறைந்த சாக்சனியிலும் துரிங்கியாவிலும் குடியேற்ற எதிர்ப்பு அரசியலுக்கு வலு அதிகம்; 2024 செப்டம்பரில் துரிங்கியா சட்டமன்றத் தேர்தலில் அந்த அரசியலை முன்வைக்கும் ஏ.எஃப்.டி. கட்சி முதலிடம் பிடித்தது. கெம்னிட்ஸ் 2018-இல் வெளிநாட்டவர் எதிர்ப்புக் கலவரத்துக்காகச் செய்தியில் அடிபட்ட ஊர். 2025-இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராகக் கொண்டாடப்பட்ட ஊரும் அதுவே. இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே படிக்கும் சீனியர்களிடம், ராத்திரி எட்டு மணிக்குமேல் டிராமில் போவது எப்படி என்று நேராகக் கேட்டுவிடலாம்.

ஊர் முடிவான பிறகு பார்க்க வேண்டிய ஆவணம், அந்தப் படிப்பின் பாட விவரக் கையேடு. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், எப்படித் தேர்வு, முன்கூட்டியே என்ன படித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் மாணவர்கள் அதிகம் புரட்டாத ஆவணம் இதுதான். 8.5 சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவர், இளநிலையில் கணிதத்தில் கேட்ட கிரெடிட் குறைகிறது என்று நிராகரிக்கப்படுவதும், 7.5 வைத்திருப்பவர் உள்ளே போவதும் இதனால்தான். மதிப்பெண் மாற்றமும் அப்படித்தான். பத்துக்கு 8 வாங்கியவர், தேர்ச்சிப் புள்ளி 5 என்றால், அங்கே பயன்படுத்தும் பவேரியச் சூத்திரப்படி 2.2 ஆகிறார், தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.0. ஜெர்மன் கணக்கில் எண் குறையக் குறைய மதிப்பு கூடும். ஒரே மாணவர், ஒரே உழைப்பு. கல்லூரிச் சான்றிதழில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்ன என்று எழுதியிருக்கிறது என்பதே கதவைத் திறக்கலாம் அல்லது மூடலாம்.

இன்னொன்று, அரியர். நம் கல்லூரிகளில் விழுந்த பேப்பரை வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் பொதுவாக ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிகள். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்து வெளியேற வேண்டியதுதான். அதே படிப்பில் வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேரவும் பெரும்பாலும் முடியாது. பெயர் பெற்ற இடம் என்பதற்காகத் தனக்குப் பொருந்தாத பாடங்கள் நிறைந்த படிப்பில் சேருகிறவர் இந்த ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

இவ்வளவையும் கன்சல்டன்சிகள் சொல்லித் தருமா? அவர்களில் பலருக்கு வருமானம் சேர்க்கைக் கமிஷனிலிருந்து வருகிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் கொடுப்பதில்லை. தனியார் நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஒரு கன்சல்டன்சி பெர்லினிலுள்ள தனியார் கல்லூரியை மட்டும் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தால், அது ஏன் என்று புரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை.

நம் கல்லூரிகளும் இதில் ஒரு வேலை செய்ய வேண்டும், அதை இன்னும் செய்யவில்லை. குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கெடு ஜூலை 15. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், அதற்கும் கல்லூரி ஆவணங்கள் வேண்டும். மணிக்கணக்கோடு கூடிய சிலபஸ் நகல், டிரான்ஸ்கிரிப்ட், தேர்ச்சிப் புள்ளி விளக்கம் ஆகிய மூன்றுக்காகவும் மாணவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வாரக்கணக்கில் அலைகிறார்கள். கடைசிப் பருவம் தொடங்கும்போதே இந்த மூன்றையும் ஒரே உறையில் முத்திரையிட்டுத் தரும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் செய்யலாம். பெரிய செலவும் இல்லை. பல படிப்புகள் ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்தில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்பதால், ஒரு கையெழுத்து பத்து நாள் தாமதமானால் அந்த மாணவர் காத்திருக்க வேண்டியது அடுத்த அக்டோபர் வரை.