உப்பு மண்ணில் காய்கறிப் பாத்தி

வாணியம்பாடிச் சகோதரிகளே! கொல்லைப் பாத்தி காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறதா? கிணற்று நீரின் உப்புதான் அது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை, 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே எடுத்துக் காட்டியது.

அதற்காகக் கொல்லையைத் தரிசாகப் போடாதீர்கள். ஆடியில் ஆழக் கொத்தி, மக்கிய தொழுவுரம் கலவுங்கள். காய்ந்தால் கல்லாக இறுகும் மண்ணானால் ஜிப்சமும் சேருங்கள். நீர் வடிய வழியிருந்தால், ஆவணி, புரட்டாசி மழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும்.

ஐப்பசிக் கடைசியில் விதையுங்கள். பீன்ஸும் காரட்டும் உப்பைத் தாங்கா, பீட்ரூட் தாங்கும். ஆனால் அதுவும் முளைக்கும்வரை குழந்தைதான்! கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீரையே ஊற்றுங்கள்.

டானரிக் கழிவை மட்டும் உரமென்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் கழிவுநீர் பாய்ந்த இடமானால், வெளியிலிருந்து நல்ல மண் கொணர்ந்து தொட்டியில் பயிரிடுவதே உத்தமம்.