ஒற்றை சிகரெட்டும் நம் கல்லாவும்

சரக்கு விலை, வரி, எடை முத்திரை என்றே இந்தப் பக்கங்களில் எழுதி வருகிறோம். இம்முறை நுரையீரல் புற்றுநோயைப் பற்றி எழுதுகிறேன். அது டாக்டர்கள் சொல்ல வேண்டிய விஷயம், மளிகை வியாபாரிக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்த நோய்க்கு முதற்காரணமான சரக்கு நம் கடையில்தானே இருக்கிறது!

1950ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரித்து, புகை பிடிப்பதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். 1964ல் அமெரிக்க அரசே அறிக்கை வெளியிட்டது. நம் பக்கத்திலோ இன்றும், "சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்கிறார்கள். மேலே சுற்றியிருப்பது இலை. உள்ளே இருப்பது புகையிலைதான். பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் விடாமல் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டுக்குக் குறையாத நஞ்சு உள்ளே போகிறது.

பிளவக்கல் அணைப் பக்கம், கூமாப்பட்டி, வத்திராயிருப்பு ஊர்களில் தோப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் டீயும் பீடியும்தான் முதல் ஆகாரம். இருமல் வந்தால் பீடி இருமல் என்று விட்டுவிடுகிறார்கள். ராஜபாளையம் மில் தொழிலாளியானால் பஞ்சுத் தூசியின் மேல் பழியைப் போடுகிறார். மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றாலும், சளியில் ரத்தம் கண்டாலும், குரல் கம்மினாலும், காரணமின்றி உடம்பு இளைத்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். டி.பி.க்கும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது; எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புகையே பிடிக்காதவர்களுக்கும், விறகடுப்பில் வெந்த பெண்களுக்கும்கூட இந்நோய் வருவதுண்டு. புகை பிடிப்பவர்களுக்கு வரும் அளவு பல மடங்கு.

இனி நம் கடைக்கு வருவோம். 2003ஆம் வருடச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும், பள்ளி கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள்ளும் இவற்றை விற்கக் கூடாது. அபராதம் 200 ரூபாய்தானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் கவனிக்க: 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தின்படி குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று பையன் வந்து நின்றாலும் கொடுக்கக் கூடாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒற்றை சிகரெட் விற்பனை. முழுப் பாக்கெட் வாங்கப் பள்ளிப் பையனிடம் காசிருக்காது, ஒற்றைக்கு இருக்கும். 2016லிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். விட்டொழிக்க விரும்புகிறவர்கள் பேசுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் 2018லிருந்து அச்சிடுகிறார்கள். பிரித்து ஒன்றாக விற்கும்போது படமும் எண்ணும் நம் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன, நோய் மட்டும் வாங்குகிறவரோடு போகிறது. கடை வாசலில் கயிற்றில் நெருப்பைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே நின்று பிடிக்கிறார்கள். கல்லாவில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

"நான் நிறுத்தினால் எதிர்க் கடைக்காரன் விற்பான்; பீடிக்கு வருகிறவன்தான் அரிசியும் பருப்பும் வாங்குகிறான்" என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் தனி ஆளாக முடியாது, சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறேன். நாகாலாந்தில் கரிஃபேமா என்ற கிராமம் 2014ல் புகையிலையற்ற ஊராக அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. ஒற்றை விற்பனை வேண்டாம், நெருப்புக் கயிறு வேண்டாம், சிறுவர்களுக்கு இல்லை என்ற பலகை எல்லாக் கடையிலும் தொங்கட்டும். பலகை எழுதும் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக் கொள்கிறேன்.