லொறியில் ஒரு பெயர், சம்பளத்துக்கு இன்னொருவர்

கல்கிசையில் காலை ஆறு மணிக்கே காலி வீதியின் ஓரம் விநியோக லொறிகளால் நிறைந்துவிடுகிறது. பிஸ்கட், பால்மா, சவர்க்காரம், குளிர்பானம். ஒவ்வொரு லொறியின் பக்கத்திலும் நாடறிந்த கம்பனி ஒன்றின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் பல லொறிகளில் சாரதிக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்தக் கம்பனி அல்ல. லொறி ஏஜென்டுடையது, சாரதியும் உதவியாளர்களும் அவரிடம் நாட்சம்பளத்துக்கு நிற்பவர்கள்.

கிளிநொச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் சாமான் இறக்கும் அண்ணை ஒருவர் சொன்னார்: “பிறேக் ஒரு பக்கம் இழுக்குது எண்டு மூண்டு தரம் சொல்லிட்டன். ஏஜென்ட், கராஜுக்குக் காசில்லை எண்டுறார். கம்பனி, லொறி எங்கட இல்லை எண்டுது. நான் ஆரிட்டப் போறது?”

லொறியையும் பாதுகாப்பையும் சேர்த்துச் சொன்னால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓமந்தைதான். மூட்டைகளை இறக்கி, குத்திப் பார்த்து, மறுபடி ஏற்றி, நாள் முழுக்க வெயிலில் நின்ற வரிசை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் அந்த வரிசையும் இல்லாமல் போனது. அங்கே பாதுகாப்பு என்பது லொறியிடமிருந்து அரசைக் காப்பது. லொறிக்குள் இருக்கும் மனிதனைக் காப்பது பற்றி அன்று எவரும் பேசவில்லை. இன்றும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கும் நாட்டில், விபத்து நடந்தால் சாரதி கைதாகிறார். பிறேக்கைத் திருத்த மறுத்தவரை யாரும் தேடுவதில்லை.

அமெரிக்காவில் இதே விடயம் வேறு விதமாகப் போனது. பொதி விநியோகம் செய்யும் யூ.பி.எஸ் நிறுவனத்தின் பழுப்பு நிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அப்போது குளிரூட்டி இருக்கவில்லை. 2022 கோடையில் கலிபோர்னியாவில் ஓர் இளம் சாரதி விநியோகத்தின் நடுவே இறந்தார். வெப்பம்தான் காரணம் என்றது குடும்பம். அடுத்த ஆண்டு, சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் தொழிலாளர்களுக்காக டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் ஒப்பந்தப் பேச்சுக்கு உட்கார்ந்தபோது சம்பளத்தோடு வண்டியின் சூடும் மேசைக்கு வந்தது. வேலைநிறுத்தத்துக்கு 97 வீதமானோர் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். 2023 ஜூலை 25இல், கெடு முடிய ஒரு வாரம் இருக்க, இணக்கம் எட்டப்பட்டது. 2024 ஜனவரிக்குப் பின் வாங்கும் வண்டிகளுக்குக் குளிரூட்டி, பழையவற்றுக்கு மின்விசிறியும் வெப்பத் தடுப்பும், சாரதியின் முகத்தைப் பார்க்கும் கெமராவுக்குத் தடை.

இதை முழு வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் 20,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஆனாலும் அந்தச் சாரதிகளுக்கு எதிரே உட்கார ஒரு முதலாளி இருந்தார்.

அமேசனின் சாரதிகளுக்கு அதுகூட இல்லை. அங்கும் எங்களூர் ஏஜென்ட் முறைதான்: வண்டியில் அமேசன் பெயர், சம்பளம் கொடுப்பது இடையில் நிற்கும் சிறு கம்பனி. 2023இல் கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் 84 சாரதிகள் சங்கம் அமைத்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருந்த கம்பனி சங்கத்தை ஏற்றது. அமேசனோ, அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர் என்றது; அந்தக் கம்பனியுடனான ஒப்பந்தமும் முடிந்துபோனது.

கொழும்புக்கு இந்தக் கதை புதிதல்ல. 1929இல் டிராம் வண்டித் தொழிலாளர் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருதானையில் பொலிஸ் சுட்டு உயிர்கள் போயின. அதே ஆண்டுதான் முதலாளிமார் சம்மேளனம் உருவாகி, தொழிற்சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்தது. (அதே குணசிங்க பின்னர் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதையும் மறக்க முடியாது. இந்த நகரின் சங்கங்கள் இனத்தின் வழியாக உடைந்தது அப்போதே தொடங்கிவிட்டது.)

சட்டம் இன்றும் இருக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தொழிலாளரில் 40 வீதமானோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது குற்றம். நாலு லொறி வைத்திருக்கும் ஏஜென்டிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்தால், ஐந்து பேர் சங்கத்தில் சேர்ந்தால் போதும். ஆனால் அந்த ஏஜென்ட் எதைக் கொடுப்பார்? அவருக்குக் கிடைக்கும் கொமிஷனைத் தீர்மானிப்பது கம்பனி. பேச வேண்டியவரிடம் பணம் இல்லை, பணம் உள்ளவர் பேச வேண்டியவர் இல்லை. பெருந்தோட்டங்களில் முதலாளி யார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. இருந்தும் 2021இல், சம்பளச் சபை ஆயிரம் ரூபாயை அறிவித்தபின், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. கொட்டாஞ்சேனையில் மூட்டை இறக்கும் மலையகத்துப் பெடியங்களுக்கு அது வீட்டுக் கதை.

ஆகவே முதல் சண்டை பிறேக்குக்கானதாக இருக்கப் போவதில்லை. யார் முதலாளி என்பதை எழுத்தில் பதிய வைப்பதற்கானது. அதற்குச் சங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நாட்சம்பளக்காரரையும் தற்காலிக ஊழியரையும் வேலையின் முதல் நாளிலிருந்தே உள்ளடக்குகிறது: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். பணம் கட்டப்படவில்லை என்றால் தனி ஒருவரே தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அப்போது, இவர் யாருடைய ஊழியர் என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அண்ணையிடம் இதைச் சொன்னேன். எட்டு வருடத்தில் தனக்குச் சேமலாப நிதி இலக்கம் ஒன்று இருக்கிறதா என்று அவர் கேட்டதில்லையாம். லொறியை எடுக்கும் முன், பிறேக்கை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துக்கொண்டார்.