வீதிகளை நேராக்கிய தூதர்

புதுக்கோட்டையின் கீழராஜவீதியும் மேலராஜவீதியும் அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களும் கட்டம் போட்டாற்போல் நேராக அமைந்திருப்பதைக் கண்டு வியவாதார் இலர். இவ்வமைப்புக்குக் காரணமானவர் தொண்டைமான் மரபினர் அல்லர். தஞ்சையில் ஆங்கிலேயக் கும்பினியின் அரசியல் தூதராக இருந்த வில்லியம் பிளாக்பர்ன்.

1807இல் விஜயரகுநாதத் தொண்டைமான் மறைந்தபோது பட்டத்துக்குரிய மகனுக்கு வயது ஏறத்தாழப் பத்து. ஆட்சிப் பொறுப்பு பிளாக்பர்னின் மேற்பார்வைக்குச் சென்றது. அவர் இளவரசருக்கு அரண்மனை எழுப்பினார். நகரைத் திட்டமிட்டு மீண்டும் கட்டினார்.

இதனைக் கொண்டு அவரை வள்ளல் என்பதும், கும்பினியின் கையாள் என்று ஒதுக்குவதும் பொருந்தா. தூதர் என்பவர் தம்மை அனுப்பியவருக்காகப் பேசுபவர். பிளாக்பர்னோ அரசின் குடும்பத்துள்ளேயே அமர்ந்து ஆண்டார். நட்பு அரசு என்னும் பெயர் மாறவில்லை. முடிவெடுக்கும் கை மட்டும் மாறியது. நிருவாக மொழியாக மராத்தியை அவர் புகுத்தினார். தஞ்சை அலுவலர்க்குப் பழகிய மொழி அது. ஆயினும் தமிழ் பேசும் உழவரின் நிலக்கணக்கு, அவரே படிக்க இயலாத மொழியில் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் எழுதப்பட்டது. நேரான வீதிகளைப் போற்றுவோர் இக்கணக்கையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இந்நட்புக்கு விலையும் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தொண்டைமான் நாட்டில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த பகுதியும் தொண்டைமானுக்கு அளிக்கப்பட்டன. அங்கும் ஒரு நிபந்தனை: அந்நிலத்தைப் பிறர்க்கு உரிமையாக்கலாகாது, குடிகள் கொடுமைக்கு உள்ளாயினர் என மெய்ப்பிக்கப்பட்டால் அது கும்பினிக்கே திரும்பும். குடிகளுக்கான காப்பு என இதனைக் கொள்ளலாம்; திரும்பப் பறிப்பதற்கான வாயில் என்றும் கொள்ளலாம். இரண்டும் உண்மையே.

ஆயினும், அத்தூதர் பணியாற்றிய இரு அரசுகளின் பிற்கால வரலாறு வேறு வேறாயிற்று. சரபோசியின் தஞ்சை, 1799இலேயே ஆட்சியுரிமையை இழந்து கோட்டைக்குள் சுருங்கி, ஆண்வாரிசு இன்மையால் 1855இல் ஆங்கிலேயருடன் இணைக்கப்பட்டது. கப்பம் கட்டாத சிறிய புதுக்கோட்டையோ தன் அரசரையும் அம்மன்காசையும் இழவாமல் நின்று, 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்தியாவுடன் இணைந்தது.