மார்பகப் பரிசோதனை: சேரிப் பெண்ணின் லாப நட்டக் கணக்கு

அக்டோபர் வந்தால் ஊரெல்லாம் இளஞ்சிவப்பு. கல்லூரிகளில் ரிப்பன், கடற்கரையில் நடைப்பயணம், தனியார் மருத்துவமனைகளில் தள்ளுபடி விலையில் மேமோகிராம் 'பேக்கேஜ்'. நாற்பது தாண்டிய பெண்கள் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளம்பரம் சொல்கிறது. இன்னொரு பக்கம் நம் தோழர்கள் சிலர், "இதெல்லாம் கார்ப்பரேட் வியாபாரம், மேலை நாடுகளிலேயே கேள்விக்குள்ளாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் எந்தப் பெண்ணை மனதில் வைத்துப் பேசுகின்றன? சேரியில் இருக்கும் பெண்ணை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். பரிசோதனையால் கெடுதலும் உண்டு. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் கணக்குப் போட்டுச் சொன்னது இது: 50 வயதில் தொடங்கி இருபது ஆண்டுகள் மேமோகிராமுக்கு 10,000 பெண்களை அழைத்தால், 43 பேரின் மார்பகப் புற்றுநோய் மரணம் தவிர்க்கப்படும். அதே நேரத்தில் 129 பேர், வாழ்நாளில் எந்தத் தொல்லையும் தந்திருக்காத புற்றுநோய்க்காகச் சிகிச்சைக்கு ஆளாவார்கள். ஒரு உயிருக்கு மூன்று பேர். தேவையில்லாத அறுவை, தேவையில்லாத கதிரியக்கம். இதை மறைத்துவிட்டு "வாங்க, எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்பவர்கள் மருத்துவம் பேசவில்லை, சந்தை பேசுகிறார்கள்.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து "ஆகவே பரிசோதனையே வேண்டாம்" என்று சேரியில் சொல்ல முடியுமா? பிரிட்டனில் 50 வயதுப் பெண்ணுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கே அழைப்பு வருகிறது. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கே மிகைக் கண்டறிதல் உண்மையான பிரச்சினை. இங்கே? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். நூற்றில் ஒருவர்கூட இல்லை. பசித்தவளிடம் போய் அஜீரணத்தின் ஆபத்தைப் பற்றிப் பாடம் எடுக்கலாமா?

அப்படியானால் மேமோகிராம் வண்டியைக் கொண்டுவந்து காலனி முனையில் நிறுத்தினால் போதுமா? போதாது. இளவயது மார்பகத்தில் திசு அடர்த்தி அதிகம். அந்தப் படத்தில் கட்டி எளிதில் தெரியாது. நம் நாட்டிலோ இந்த நோய் மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள் இடம்பெற்றார்கள். பாதிப் பேரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். இயந்திரம் இல்லை. 2021இல் முடிவு வெளியானது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களின் பங்கு மொத்தத்தில் 47இலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தது.

மறுபாதிப் பெண்களுக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும்தான் கிடைத்தது, பரிசோதனை இல்லை. அது சரியா என்ற கேள்வி மருத்துவ அறத்தில் இன்றும் ஆறாத புண். இந்த அறிவு குடிசைப் பெண்களின் உடலிலிருந்து பெறப்பட்டது. அதன் முதல் பலன் அவர்களுக்குச் சேர வேண்டியது சலுகையல்ல, கடன்.

அந்தக் கடனை அரசு எப்படிக் கட்டுகிறது? 2016இல் ஒன்றிய அரசு வகுத்த திட்டம் 30 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதனை என்கிறது. பலன் தெரிந்தது இரண்டாண்டு இடைவெளியில், காகிதத்தில் இருப்பது ஐந்தாண்டு. அந்தக் காகிதமும் சேரிக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் சாதி இருக்கிறது. இந்தப் பரிசோதனையின் கருவியே கை. தொட்டாக வேண்டும். இந்தியக் கிராமங்களில் தீண்டாமை பற்றி 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து 2006இல் நூலாக வந்த ஆய்வு, மூன்றில் ஒரு கிராமத்தில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. வீட்டுக்குள்ளேயே வராத கை, மார்பைத் தொட்டுப் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்று எப்படிச் சொல்லும்? வாசலில் நின்றபடி பதிவேட்டில் ஒரு 'டிக்' போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் பரிசோதனை அல்ல.

நமக்கே உரிய பெரிய ஆபத்து இன்னொன்று: கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைவிடுவது. திசுப் பரிசோதனை எங்கே, எத்தனை நாளில்? கதிரியக்கம் வாரக்கணக்கில் போகும். காப்பீட்டு அட்டை மருத்துவமனை பில்லைக் கட்டும், இழந்த கூலியைக் கட்டாது. உடன் வருபவரின் கூலியையும் கட்டாது. சிகிச்சைக்கு உத்தரவாதம் இல்லாத பரிசோதனை, சாவுத் தேதியை முன்கூட்டியே சொல்லும் ஜோசியம்.

இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்டால், உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. இதில் புற்றுநோயின் பங்கு எவ்வளவு? தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில் வயது உண்டு, மாவட்டம் உண்டு. சாதிவாரிக் கணக்கு இல்லை. எண்ணாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. ஐம்பது கடந்த பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, மறைவான இடத்தில், பயிற்சி பெற்ற பெண் பணியாளரின் கைப் பரிசோதனை. எந்த வயதானாலும் கட்டியோ மாற்றமோ தெரிந்தால் உடனே மருத்துவர்.
2. கட்டி தெரிந்தால் திசுப் பரிசோதனைக்கு எழுத்துபூர்வமான காலக்கெடு. சிகிச்சைக் காலத்துக்குக் கூலி இழப்பீடு.
3. நன்மையையும் கெடுதலையும் அவள் மொழியில் சொல்லி, அவள் சம்மதம் பெறுதல். மறுக்கும் உரிமையும் அவளுடையதே.
4. பரிசோதனை, நோய், மரணம் மூன்றுக்கும் சாதிவாரிக் கணக்கு.

மாணவத் தோழர்களே, இந்த அக்டோபரில் ரிப்பனைக் குத்திக்கொள்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: கடந்த ஆண்டு எந்தெந்தக் குடியிருப்பில், எத்தனை பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை நடந்தது? பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போய், பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அது உண்மையா பொய்யா என்று அவர்கள் சொல்வார்கள்.