வகுப்பறையில் தேர்தல் உண்டு. ஊராட்சியில் ஏன் இல்லை?



ஆண்டுத் தொடக்கத்தில் என் வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தி வகுப்புத் தலைவரைத் தெரிவு செய்வது வழக்கம். இம்முறை வாக்குகளை எண்ணி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, நம் ஊர்க் குப்பையை அள்ளும் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்களுக்கு யார் வாக்களித்தார்கள்?"

"யாரும் இல்லை. மாநில அரசு நியமிக்கிறது" என்றேன்.

"அப்படியானால் நாங்கள் மட்டும் ஏன் வாக்களிக்க வேண்டும்?"

நான் வாயடைத்து நின்றேன்.

இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் புதுமையன்று. 1951-இலேயே ஜார்ஜ்டவுன் மக்கள் வாக்களித்தனர். பின்னர் அம்மாநகரின் மேயராக அமர்ந்தவர் டி.எஸ்.இராமநாதன். அவர் ஓர் ஆசிரியர், தொழிலாளர் கட்சிக்காரர். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திற்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கினார். ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பிளவு வரும் என அச்சுறுத்துவோர் இந்த வரலாற்றைப் படித்தனரா?

1965-இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் 1966-இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையைப் புறந்தள்ளி, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் மீட்டெடுக்க முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அம்முயற்சி தோற்றது.

இன்று உறுப்பினர் நியமனத்திற்குச் சட்டம் கூறும் தகுதிகள் யாவை? ஊராட்சியில் பரந்த பட்டறிவு, தொழிலில் சிறப்பு, அல்லது தம் சமூகத்தைப் பேராளிக்கும் ஆற்றல். நல்ல தகுதிகளே! ஆனால், எடைபோடுவது யார்? வரி கட்டும் நாமல்லர். நியமிப்பவர்க்குக் கடன்பட்டவர், நம் தெருவிளக்கு எரியாததற்கு யாரிடம் விடை சொல்வார்?

அக்காலத் தேர்தல் மன்றங்களில் முறைகேடுகள் இருந்தனவே என்பர் சிலர். இருக்கலாம். வகுப்புத் தலைவன் தவறிழைத்தால் அடுத்த முறை வேறொருவனைத் தேர்ந்தெடுக்கிறோம். வாக்குப் பெட்டியைத் தூக்கி எறிவதில்லை. நியமன மன்றங்களில் முறைகேடு நிகழ்ந்தால் அவரை நீக்க நம்மிடம் என்ன கருவி இருக்கிறது?

ஊராட்சியே குடியாட்சியின் தொடக்கப்பள்ளி. தொடக்கப்பள்ளியை மூடிவிட்டுப் பல்கலைக்கழகம் நடத்த முடியுமா? நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கத் தகுதியுள்ள மக்கள், தம் தெருக் கால்வாய்க்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவரா?

ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே! உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை அடுத்த முறை சந்திக்கும்போது, மாலையோடு இக்கேள்வியையும் அளியுங்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உண்டு.

என் மாணவனுக்கு இன்னும் விடை கூறவில்லை. அவன் வாக்காளனாகும் முன்பாவது கூற விழைகிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.